லீலாபாய் ஏலத்தில் எடுத்த குதிரை

லீலாபாயின் கதையைக் குதிரையிலிருந்து தொடங்கத்தான் எல்லாருக்கும் ஆசை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். அதனால் எனக்குத் தெரியும், குதிரைக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி உண்டு.

தனுவச்சபுரத்தை அடுத்த எங்கள் கிறிஸ்தவச் சபையில் ஆண்டுதோறும் அறுப்புப் பண்டிகை நடக்கும். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், ஆடு என்று வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் ஆலயத்துக்குப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். லீலாபாய்க்கு எட்டு வயதிருக்கும்போது அவள் வளர்த்த குட்டியை அவள் அப்பா நேர்ச்சையாகக் கொடுத்துவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியை ஏலத்தில் எடுத்தவர் கிறிஸ்துமசுக்கு அதை அறுத்துத் தின்றும் முடித்தார்.

பிற்பாடு பாறசாலைச் சந்தையில் குலை வியாபாரம் செய்து அவள் கையில் நாலு காசு புரண்டது. அதிலிருந்து, ஏலத்தில் ஒரு பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் லீலாபாய் விடமாட்டாள். யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேலே கேட்பாள். எடுத்ததும் கயிற்றை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு நடந்துவிடுவாள். அவளுக்குக் கிறுக்கு என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் கொஞ்சம் கூடுதலாக நல்லது செய்தால் கிடைக்கிற பட்டம் அது.

தொண்ணூற்று நான்கில் காஞ்சிரங்குளத்துப் பையன் சஜன் படம் எடுக்க வந்தான். தயாரிப்பாளர் கிடையாது, கடனும் நண்பர்களும்தான். கோட்டுகாலைச் சேர்ந்த லேகா என்ற பதினைந்து வயதுப் பெண் கதாநாயகி. கலைந்துபோன சர்க்கஸிலிருந்து அப்பா ஒரு குதிரையைக் கொண்டுவருகிறார். மகள் அதை வளர்க்கிறாள். அப்பாவுக்கு வந்த நோய் தீர்ந்ததும் நேர்ச்சைப்படி குதிரை ஆலயத்துக்குப் போகிறது. ஏலத்தில் ஒரு வியாபாரி அதைக் கொண்டுபோய்விடுகிறான். மகள் அழுதுகொண்டு நிற்கிறாள். கதை அவ்வளவுதான்.

கூட்டத்துக்குக் கூலி கொடுக்க வழியில்லாததால், கடைசிக் காட்சியை எங்கள் அறுப்புப் பண்டிகையிலேயே எடுக்கச் சபையாரிடம் அனுமதி வாங்கினான். காலையில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னான்: வியாபாரி வேடக்காரர் மட்டும்தான் ஏலம் கேட்பார், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிலிம் சுருள், வாடகைக் குதிரை சாயங்காலம் லாரி ஏறிவிடும். பிசகினால் படமே இல்லை.

இதைச் சொன்னபோது லீலாபாய் ஆலயத்துக்குப் பின்னால் சபை விருந்துக்குச் சாம்பாருக்குக் காய் அரிந்துகொண்டிருந்தாள். நான்தான் பக்கத்தில் தேங்காய் துருவினேன். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சமையல்காரிகளுக்கு யார் சொல்வார்கள்?

கை கழுவிவிட்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது ஏலம் நடந்துகொண்டிருந்தது. கேமராவைப் பார்த்தாள். கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பதுபோல் என்று நினைத்தாள். பிறகு லேகாவைப் பார்த்தாள். அந்தப் பெண் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். பத்து பதினைந்து நாள் பழகிய குதிரை சாயங்காலம் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

வியாபாரி தனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த தொகையைக் கேட்டார். பின்னாலிருந்து லீலாபாயின் குரல் அதற்கு மேலே போனது. வியாபாரி திகைத்து நின்றார். அதற்கு மேல் வசனம் இல்லை. ஏலம் விட்ட விஜயதாசுக்கோ பழக்கதோஷம். மேலே ஒரு குரல் கேட்டால் நாக்கு நிற்காது.

"ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்!"

லீலாபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கயிற்றை வாங்கி லேகாவின் கையில் திணித்தாள்.

"கரையாத மக்கா, கண்ணத் தொட. இந்தா, பிடி. இனி இது உனக்குள்ளதாக்கும்."

லேகா அவள் மேல் விழுந்து தேம்பினாள். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிய சஜன் தூக்கியபடியே நின்றான். சுருள் தீரும்வரை கேமரா ஓடியது.

பிறகு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமி, அது படம். எல்லாம் நடிப்பு."

"எலே, நான் நடிச்சனா?" என்றாள் லீலாபாய்.

விஜயதாஸ் சமாதானம் செய்ய வந்தார். "இந்த ஏலம் செல்லாது, லீலாபாய். நீ பணம் ஒண்ணும் கெட்டாண்டாம். குதிர வாடகைக்கு வந்தது."

"குதிர போனா போட்டு. ஆண்டவருக்க முற்றத்துல நின்னு வாயால சொன்னது செல்லாம போவுமா? மூணுதரம் விளிச்சது நீருதானே?"

கிழப்பசுவை விற்றுவிட்டு, வேறு பசு வாங்க அவள் சேர்த்து வைத்திருந்த பணம் அது. சபையார் கையில் வாங்க மறுத்ததால் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். நான் அன்று அவளோடு சண்டை போட்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு வருஷம் பக்கத்து வீட்டில் பால் வாங்கிச் சாயா குடித்தாள்.

மறு ஆண்டு பள்ளிக்கூட ஹாலில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். லீலாபாய் பார்த்த முதல் படம். சஜனுக்கு வேறு முடிவு எடுக்கச் சுருள் இல்லை, எடுத்ததையே வைத்திருந்தான். லேகா வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவனந்தபுரம் கடற்கரைக்குப் போய், அங்கே பிள்ளைகளை ஏற்றி நடக்கிற அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"அப்பம் செரிதான்" என்றாள் லீலாபாய்.

திரையில் கயிறு கைமாறியது. பின் பெஞ்சில் யாரோ, "பசுவையும் வித்து, வெறுங்கையோட போனவளாக்கும்" என்று சிரித்தார்கள்.

லீலாபாய் திரும்பவில்லை. லேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி திரையில் நின்ற குதிரையைக் காட்டிச் சொன்னாள்:

"அந்தா நிக்குவுது பாரு, எனக்க பசு."