வைக்கோற்பிரியும் என் இடக்காதும்

மாநிலங்களுக்கிடையே நீர் பங்கிடப்படும் செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் அணையின் கொள்ளளவைப் பற்றியும் அதிகாரிகளின் கூட்டத்தைப் பற்றியுமே படிக்கிறோம். அத்தகைய பங்கீடு ஒன்று என் காதில் வந்து முடிந்த வரலாற்றை அறிந்தவர் இன்று நான் ஒருத்தி மட்டுமே. உன் கம்மல்களுள் இடப்புறத்தது மட்டும் ஏன் தாழ்ந்து தொங்குகிறது என்று பேத்திகள் கேட்கின்றனர். வேளைக்கொரு விடை கூறிக் களைத்துவிட்டேன். ஆதலின் உண்மையை எழுதிவைக்கிறேன்.

எங்கள் சிற்றூர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்டது. வீடூர் அணை எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் கால்வாய் எங்கள் வயல்களை நனைத்துவிட்டு, எல்லைக் கல்லைக் கடந்து, பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற புதுவை நிலத்துக்குள் நுழையும். இன்ன நாள் எங்களுக்கு, இன்ன நாள் அவர்களுக்கு என்று முறை வகுக்கப்பட்டிருந்தது. முறையை எங்கள் ஊரார் நன்கறிவர். தங்கள் முறை முடியும் நாளில் மட்டும் மறந்துவிடுவர்.

எல்லைக்கு அப்பால், கால்வாயின் கடைசி வயல் என் தாய்மாமனுடையது. எல்லைக்கு இப்பால், முதல் மடை என் பெரியப்பாவுடையது. அந்த வயல்வீட்டிலிருந்து இந்த மடைவீட்டுக்கு மணமாகி வந்தவர் என் அன்னை.

அந்தத் தை மாதத்தில் எனக்குக் காதணி விழா எடுக்க இரண்டு நன்னாள்கள் குறித்துத் தரப்பட்டன. முந்தைய நாளையே எல்லாரும் விரும்பினர். அது நெருங்கியபோது எனக்குக் காய்ச்சல் என்று அன்னை அறிவித்ததால் விழா பிந்தைய நாளுக்குத் தள்ளிப்போயிற்று.

அன்று பந்தல் நிறைய உறவினர். பத்தர் பொற்கம்பியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் அமர்த்தாமல் காது குத்துவது எங்கள் வழக்கமன்று. காது குத்தாமல் இலை போடுவதும் வழக்கமன்று. மாமனையோ காணோம். அவரை அழைத்துவர மிதிவண்டியில் சென்ற தந்தையார் தனியே திரும்பினார்.

“வர மாட்டாராம். நட்ட நாத்து செவந்து போய்க்கினு கீது. அவங்க முறை வந்தும் தண்ணி வரல. வர்ற நேரத்துல நான் வரப்புல இல்லன்னா அதுவும் போச்சின்னு மம்பட்டியோட குந்திக்கினு கீறாரு.”

கணவரின் தமையனோடு நேர்நின்று பேசுவது அக்காலப் பெண்டிர்க்கு முறையன்று. சொல்ல வேண்டியதை அவர் செவியில் விழுமாறு குழந்தையிடம் சொல்வர். அவரும் குழந்தைக்கே விடையளிப்பார். அன்னை கதவுக்குப் பின் நின்றுகொண்டு என்னை வாயிற்படியில் நிறுத்தினார்.

“பாப்பா, தண்ணி ஏன் போவலன்னு பெரியப்பாவ கேளு.”

“போய்க்கினுதான் கீதுன்னு சொல்லு” என்றார் பெரியப்பா.

“வாய்க்கால் குறுக்க வைக்கோல் பிரி கட்டிக் கீதாமே, அது யாரு வேலன்னு கேளு.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “எலி இழுத்தாந்து போட்டிருக்கும்னு சொல்லு.”

“எலிக்கு முடிச்சி போடத் தெரியுமான்னு கேளு.”

இருவர் சொற்களையும் நான் ஓரெழுத்தும் குறையாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஆதலால் பந்தலில் இருந்தோர் ஒவ்வொன்றுக்கும் இருமுறை சிரித்தனர்.

“மாமன் முறைக்கு வேற ஆளா இல்ல? யாராச்சும் மடியில வெச்சிக்கட்டுமே” என்றார் பெரியப்பா.

“எங்கண்ணன் மடியில குந்தாம ஊசி படாது, ஊசி படாம எல வுழாதுன்னு சொல்லு பாப்பா.”

பந்தலின் கோடியிலிருந்து ஒரு முதியவரின் குரல் எழுந்தது: “யோவ், ஜல்தியா போயி அந்த எலிய புடிய்யா! பசி உயிரு போவுது.”

பெரியப்பா எழுந்தார். வைக்கோலைப் பிரியாய் முறுக்கிக் கால்வாயை அடைத்துத் தாம் இட்ட முடிச்சைத் தாமே அவிழ்க்க அவர் பட்ட பாடு பெரிது. நீரில் ஊறி இறுகியிருந்தமையால் இறுதியில் அரிவாளால் அறுக்க நேர்ந்தது. நீர் புறப்பட்டது. நல்ல நேரமோ கழிந்துகொண்டிருந்தது. பத்தர் பெட்டியை எடுத்துக்கொண்டார். பாயசக் குண்டானை இருவர் தூக்கினர். பந்தல் முழுவதும் கால்வாய்க் கரையோடு நடந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்த நீரின் முகத்துக்கு முன்னே சிறுவர்களாகிய நாங்கள் ஓடினோம். அது பிந்தியபோது நின்று கைதட்டி அழைத்தோம்.

திரளைக் கண்ட மாமன் சண்டைக்கு வருகிறார்கள் என்று எண்ணி மண்வெட்டியோடு எழுந்து நின்றார். குண்டானைக் கண்டபின் மண்வெட்டியைத் தாழ்த்தினார். தந்தையார் எலியின் கதையைச் சொல்லி முடிக்குமுன் நான் வரப்பில் மாமன் மடியில் இருந்தேன். வலக்காது இனிதே முடிந்தது. இடக்காதில் கம்பி பட்ட அதே கணத்தில் அவர் வாய்க்காலுக்குள் நீர் நுழைந்தது.

“வந்துட்ச்சிடோய்!”

மாமன் துள்ளி எழுந்தார். பத்தரின் கை கீழே வழுக்கியது. என் அலறல் இரு மாநிலங்களுக்கும் கேட்டிருக்கும். என்னை ஒரு கையில் அணைத்தபடி மறுகையால் மடையை வெட்டிக்கொண்டே மாமன் சிரித்தார். “அழாத தங்கம், அடுத்த அறுப்புல மாமன் உனக்கு ஜிமிக்கி போடறேன்.” பிறகு பெரியப்பாவை நோக்கி, “இன்னா மச்சான், உங்க ஊரு எலிக்கு இன்னிக்கி லீவா?” என்றார்.

“பேஜாரு பண்ணாதய்யா. தண்ணி அந்தாண்ட வழியுது பாரு!” என்ற பெரியப்பா, விழாவுக்கு உடுத்திய புது வேட்டியோடு சேற்றில் இறங்கிக் கரையை மிதித்து அடைத்தார்.

அன்று வரப்பின்மேல் இலை போட்டு உண்டோம். அத்தனை சுவையான பாயசத்தைப் பின்னர் எந்த விருந்திலும் நான் உண்டதில்லை. அன்னை மட்டும் உண்ணாமல் நாற்றின் அடியில் நீர் ஏறுவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது குத்துவதைக் காணவே நீர் அவ்வளவு தொலைவு வந்தது என்று நான் பல்லாண்டு நம்பியிருந்தேன்.

முந்தைய நன்னாள் எங்கள் ஊரின் முறையிலும் பிந்தையது மாமன் ஊரின் முறையிலும் விழுந்தன என்பதை, என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன். கால்வாய் முறையைப் பற்றியோ எல்லையைப் பற்றியோ இங்கு நான் எழுதியவற்றுள் பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. காய்ச்சலைப் பற்றி மட்டும் எவரும் திருத்த வேண்டா; காய்ச்சல் என்று அன்னை சொன்ன அந்த நாள் முழுவதும் நான் கால்வாயில் குதித்துக்கொண்டிருந்தேன்.