சொஜ்ஜிக்கு முன்னால் ஒரு ஸ்தோத்திரம்

சீமை ராஜாவுக்கு டில்லியில் தர்பார் நடந்த மறு வருஷம், சித்திரை மாதம். அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னோடு படித்த நண்பன் ஒருவன் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். அவன் ஆற்றங்கரை அக்கிரகாரத்துப் பிள்ளை. நான் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்களுக்குள் 'ஏலே' என்பதைத் தவிர வேறு மரியாதை கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் எங்கள் பக்கத்து வேதக்காரர் பலர் குடுமி வைத்திருந்தார்கள். நானும்தான். குடுமி மதத்தைச் சேர்ந்ததில்லை, ஊர் வழக்கம் என்பது என் தகப்பனாரின் கட்சி. நண்பனோ சென்னைக்குப் போன சூட்டோடு கிராப்பு வெட்டிக்கொண்டான். அந்த வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவான். அவன் வீட்டில் இதற்காகப் பெரிய ரகளையே நடந்திருந்தது.

அன்று சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றில் குளித்துவிட்டு, பேசிக்கொண்டே பாலத்தைத் தாண்டி ரயிலடிப் பக்கம் நடந்தோம். அங்கே நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு காப்பி ஹோட்டல் முளைத்திருந்தது. வாசலில் பெரிய நிலைக்கண்ணாடி. உள்ளே சீமைப் பளிங்கு மேசைகள். ஒரு மூலையில் குழாய் வைத்த கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. பட்டணத்தில்தான் இப்படியெல்லாம் உண்டு என்று நண்பன் பீற்றிக்கொள்வான். இப்போது நம்ம ஊருக்கே வந்துவிட்டதே என்று நான் அவனைக் கேலி செய்தேன். நெய்யில் சொஜ்ஜி கிண்டுகிற வாசனை தெருவரை வந்து இழுத்தது. குளித்த பசி வேறு.

வாசலில் நின்ற ஹோட்டல்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். என்னுடைய ஈரக் குடுமியையும் துவைத்த வேட்டியையும் மேலே போர்த்திய துண்டையும் பார்த்து முகமெல்லாம் பல்லானார்.

"வாங்கோ, வாங்கோ. உள்ள போய் உக்காருங்கோ. காத்தாட இருக்கும்."

என் நண்பனின் கிராப்பையும் கோட்டையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நீரு அங்கன பெஞ்சில உக்காரும்வே."

வெளித்தாழ்வாரத்தில் இரண்டு மரப்பெஞ்சுகள் கிடந்தன. சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்த சம்சாரிகள் தகரக் குவளையில் காப்பியை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது: உள்ளே பிராமணருக்கு, வெளியே மற்றவருக்கு. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வந்தவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நண்பன் என் விலாவில் இடித்தான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நீ உள்ள போலே. நான் இங்கன இருக்கேன். வேடிக்கையா இருக்கும்."

எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. ஆனாலும் ஹோட்டல்காரர் என் தோளைத் தொடாத குறையாக அழைத்துப் போய்ப் பளிங்கு மேசையில் உட்கார வைத்துவிட்டார். எதிரே ஒரு பெரியவர். பக்கத்து மேசையில் எனக்குத் தெரிந்த கோர்ட்டு குமாஸ்தா ஒருவர். அவர் மகன் என் வகுப்பில்தான் படிக்கிறான். அவர் இலையில் மும்முரமாக இருந்தார், என்னைக் கவனிக்கவில்லை. எனக்கும் வாழையிலைத் துண்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. பித்தளை டவராவில் நுரை ததும்பும் காப்பி வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்து கண்ணை மூடி, மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது இல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகாது. அன்றும் கை இலைக்குப் போவதற்கு முன் கண் தானாக மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன். எதிரே இருந்த பெரியவர் அக்கறையாகக் கேட்டார்.

"என்ன ஓய், தலைவலியா?"

"இல்லை ஐயா, ஸ்தோத்திரம் பண்ணினேன்."

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. பெரியவர் தேள் கொட்டினவர்போல எழுந்தார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கிராமபோனை யாரோ நிறுத்தினார்கள். ஹோட்டல்காரர் ஓடி வந்தார்.

"குடுமியைப் பாத்து ஏமாந்துட்டேனே! வேதக்காரன்னு ஏன்வே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"வாய் வேறயா? எந்திரி! அந்த எச்சிலையை எடுத்துக்கிட்டு வெளிய போ. டவராவையும் எடுத்துட்டுப் போய்த் தெருவில வீசு!"

என் வீட்டில் என் இலையை நான்தான் எடுக்கிறேன். அதிலே எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் முப்பது பேர் வேடிக்கை பார்க்க, ஒருவன் அதட்டி எடு என்கிறபோது அது வேறு. எடுக்க மாட்டேன் என்றேன். எடுக்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்று அவர் குறுக்கே நின்றார். நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். 'இவர் வாத்தியார், மரியாதையாகப் பேசும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனுஷர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு நண்பன் உள்ளே வந்தான்.

"நீ எங்கவே உள்ள வாறே?" என்று ஹோட்டல்காரர் அவன்மேல் பாய்ந்தார். அவன் கோட்டுப் பொத்தானைக் கழற்றினான். சட்டையைத் தளர்த்திப் பூணூலை வெளியே இழுத்துக் காட்டினான்.

அப்போது அந்த ஹோட்டல்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இவ்வளவு நேரம் நாயை விரட்டுவதுபோல விரட்டிய வாய், ஒரு நொடியில் தேனாகிவிட்டது.

"அடடா, தெரியாமப் போயிடுத்தே! தப்பா நினைச்சுக்கப்படாது. நீங்க உக்காருங்கோ. மேசையை அலம்பிட்டுச் சூடா வேற காப்பி கொண்டுவரச் சொல்றேன்."

என்னைத் திட்டியதைவிட இந்த இளிப்புத்தான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. அதே ஆள், அதே கோட்டு, அதே தெருப் புழுதி. ஒரு நூலைப் பார்த்ததும் மனுஷனாகிவிட்டான்.

நண்பன் உட்காரவில்லை. மேசைக்கு வந்தான். குனிந்து, நான் பாதி தின்று வைத்திருந்த இலையை இரண்டு கையாலும் எடுத்தான். அவன் பிறந்த குலத்தில் இன்னொருவன் எச்சிலைத் தொடுவதென்றால் என்ன என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர் 'சிவ சிவா' என்றார். இலையில் ஒட்டியிருந்த சொஜ்ஜி நெய் அவன் கோட்டுக் கையில் ஒழுகியது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. நேரே அந்த நிலைக்கண்ணாடியைத் தாண்டி, பெஞ்சுக்காரர்களைத் தாண்டி, தெருவோரத் தொட்டியில் போட்டான்.

"வாலே, போவோம்" என்றான். பாலம் வரைக்கும் வேகமாக நடந்தோம். அங்கே நின்று, "நான் வேடிக்கைன்னு நினைச்சேன்லே" என்று மட்டும் சொன்னான்.

சேதி அவனுக்கு முன்னாலேயே அக்கிரகாரத்துக்குப் போய்விட்டது. பிராயச்சித்தம் செய்யாமல் வாசற்படி ஏறக்கூடாது என்று அவன் அப்பா கதவை அடைத்துவிட்டார். செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். லீவு முடிகிற வரையில் எங்களோடேயே இருந்தான். அவன் அம்மா ஆற்றுக்கு வருகிற சாக்கில் தூர நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

என் உறவுக்காரர்கள் பேசியதைக் கேட்டால் வயிறு எரியும். "ஐயர் வீட்டுப் பிள்ளைன்னுல்லா உன்னை நினைச்சுட்டான்!" என்று அவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. அவமானப்பட்டு வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது! எங்கள் வேதக்கோயிலிலேயே இன்ன சாதிக்கு இன்ன பெஞ்சு என்று இருந்ததை அப்புறம்தான் நான் கண் திறந்து பார்த்தேன். அதற்காக அங்கேயும் சண்டை பிடித்தேன்.

அந்த ஹோட்டல் அமோகமாக ஓடியது. நான் பிறகு அதன் படி ஏறவில்லை. வயசாகிவிட்டது, பழையதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று பலர் எனக்குச் சொல்கிறார்கள். எத்தனையோ கோபங்களை மறந்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் ஆறவிட மாட்டேன். நான் ஆறிவிட்டால், அத்தனை பேர் நடுவில் அவன் எனக்காகக் குனிந்தது வீண் என்று ஆகிவிடும்.