மாத்திரையை நிறுத்தச் சொன்ன நாள்

டைல்ஸ் பதிக்கும்போது இரண்டு கல்லுக்கு நடுவே வைப்பார்களே, கூட்டல் குறி மாதிரி சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள், அவை நிறைந்த ஒரு டப்பாவை அவர் என் மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார். துண்டுகளுக்கு அடியில், ஒரு கவரில் சுற்றி, நாங்கள் கொடுத்த மாத்திரைகள். "இதுக்குள்ள எவனும் கையை விடமாட்டானுங்க சிஸ்டர்," என்று சிரித்தார். மாத்திரையை அதன் பாட்டிலிலேயே வைக்க வேண்டும் என்று திட்டினேன். ஆறு பேர் படுக்கும் அறையில் அந்தப் பாட்டிலை எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார்.

மைசூரில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு, எச்.ஐ.வி. வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். ரத்தம் எடுத்து, தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்றும் பார்த்து, அடுத்த மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுப்போம். பெயரை வெளியே சொல்லக் கூடாது. டைல்ஸ்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராமாபுரம் என்ற கிராமத்துக்காரர், டைல்ஸ் வேலைக்காக இங்கே வந்தவர், முப்பது வயதுக்குள். அவருக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அதை இந்த ஊரில் டாக்டரிடமும் என்னிடமும் மட்டுமே சொல்லியிருந்தார். ரயில்வே வேலைக்காக இங்கே வந்த குடும்பம் என்னுடையது. கன்னடம் கலந்த என் தமிழைக் கேட்டு, "உங்க தமிழுக்கு ஒரு ஊசி போடோணுங்க," என்று கேலி செய்வார். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஒவ்வொரு முறையும், "பாஸாயிட்டேனுங்களா?" என்பார். அந்தக் கேள்விக்காகவே அவர் வரும் நாளை எதிர்பார்ப்பேன்.

அந்த முறை ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து நேராக வந்தார். முகம் வாடியிருந்தது. பஸ் களைப்பு என்று நினைத்தேன். கூட்டமான நாள். தொற்று இல்லை என்று சொல்லி, மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். சிறுநீரகப் பரிசோதனை முடிவு மத்தியானம்தான் வந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கூடியிருந்தது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். உடனே போன் செய்தேன். "பக்கத்துல ஆளுங்க இருக்காங்க," என்றார் தாழ்ந்த குரலில். "கிட்னி டெஸ்ட் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கு. மாத்திரைய நிறுத்திடுங்க, அடுத்த வாரம் வாங்க, சரியா, ஆயித்தா?" என்றேன். "சரிங்க, சரிங்க," என்று வைத்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எதனால் கூடியிருக்கலாம், பயப்பட வேண்டுமா, மாத்திரை இல்லாத நாட்களில் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது, எதையும் நான் சொல்லவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு விவரமாகப் பேசலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. போன் செய்தால் அவருடைய அம்மா எடுத்தார். "யாருங்க பேசறது? பையன் வெளிய போயிருக்கானுங்க. ஏதாச்சும் சொல்லோணுங்களா?" வீட்டாரிடம் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. "ராங் நம்பர்ம்மா," என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை நான் முயலவில்லை. வரிசையில் எப்போதும் வேறு யாராவது நின்றிருந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, விடாத காய்ச்சல் ஒன்று வந்துபோன பிறகு, அவராகவே வந்தார். வேறு வேறு பரிசோதனைக் கிட்டில் மூன்று தடவை பார்த்தோம். மூன்றிலும் தொற்று இருந்தது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஏன் அளவு கூடியது என்று டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும்போது வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களாம். ரத்தம் எடுப்பதென்றாலே அப்படித்தான் போலிருக்கிறது என்று, முந்தின நாள் வெயிலில் வேலை பார்த்த உடம்போடு, இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். போதாததற்கு உடம்பு வலிக்கு மெடிக்கல் கடை மாத்திரை வேறு. இவற்றாலேயே அளவு கொஞ்ச நாள் கூடித் தெரியும் என்றார் டாக்டர். என் போன் வந்ததும் கிட்னி போய்விட்டது என்று முடிவுகட்டி, பயந்து ஊருக்கே திரும்பிப் போய் இருந்துவிட்டார்.

இப்போது ஊசி எடுப்பதற்கு முன்னால், தண்ணீர் குடித்தீர்களா, வேறு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று எல்லோரையும் கேட்கிறேன். போனில் பேச முடியாதவர்களிடம், பேச முடிகிற நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். டைல்ஸ்காரர் அரசு மையத்தில் சிகிச்சை எடுக்கிறார். நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார், நெடுநாள் இருப்பார் என்கிறார் டாக்டர். அது உண்மைதான். உடன் வேலை செய்பவர்கள் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறார்கள்.

ஆனால் முடிவைச் சொன்ன அன்று, நோயாளி முன்னால் அழக் கூடாது என்று தெரிந்தும் நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்:

"அழுவாதீங்க சிஸ்டர். மாத்திரை சாப்பிடறதுல நீங்க சொன்ன எதையும் நான் மீறுனதில்லைங்க. நிறுத்தச் சொன்னீங்க, அன்னிக்கே நிறுத்திட்டேனுங்க."