கேள்விக்கு நிற்காத பம்பை

அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மாட்டைவிட அதிகமாக அடி வாங்கியவள் தையலம்மாள். மாடாவது ஏர் பூட்டினால்தான் அடிபடும். இவள் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு அடிபட்டாள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் பெண்டாட்டி மூலையில் முடங்கினால் அதற்காக வண்டி பூட்டுகிற வழக்கம் எங்கள் ஊரில் எவனுக்கும் கிடையாது.

அவள் ஏன் முடங்கினாள் என்பது ஊருக்கே தெரியும். நாலு வயசுப் பிள்ளை மணவாளன் வாந்திபேதியில் ஒரே பகலில் போய்விட்டான். தையலம்மாள் அழவில்லை. தலை வாரவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். புருஷன் குழந்தைவேலும் அழவில்லை. ஆம்பிளை அழுதால் கேவலம் என்று நினைக்கிற ஜாதி. கரும்புக் கொல்லையில் வெறிபிடித்தவர் மாதிரி வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அவளை அறைவார். "எழுந்திருடி" என்பார். அவள் எழமாட்டாள். மறுபடி அறைவார். துக்கத்தை இறக்கிவைக்க அவருக்குக் கிடைத்த இடம் அவள் கன்னம்தான்.

அடி பலிக்கவில்லை என்றதும், பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். பூசாரி வீரப்பனையும் பம்பைக்காரர் ஆதிமூலத்தையும் அழைத்து வந்தார்கள். பம்பை என்பது இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிற இரட்டை மேளம். ஆதிமூலம் அடித்தால் கிழவனுக்கும் கால் பரபரக்கும். அன்றைக்கும் அப்படித்தான். மேளம் ஏறியதும் மாசக்கணக்காகக் கிடந்த தையலம்மாள் எழுந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினாள். முகத்தில் உசிர்க்களை வந்தது. பார்த்த எங்களுக்கே மனசு நிறைந்தது.

பேயோட்டுவதில் ஒரு முறை உண்டு. மேளம் நிற்கிற வரைக்கும் ஆடுகிறவளை யாரும் தொடக்கூடாது. பூசாரி கையைத் தூக்கினால் மேளம் நிற்கவேண்டும். அப்புறம் கேள்வி.

"யாரு நீ?" என்றான் வீரப்பன்.

"தையலம்மா" என்றாள் அவள், மூச்சு வாங்க.

பேய் முதலில் பொய்தான் சொல்லுமாம். புளிய விளாரால் முதுகில் இழுத்தான். மறுபடி கேட்டான். மறுபடி அதே பதில், மறுபடி அடி. உண்மையான பேரைச் சொன்னதற்காக ஒரு பொம்பளையின் முதுகுத்தோல் உரிந்தது. கடைசியில், ஏரியில் விழுந்து செத்த ஒருத்தியின் பேரைச் சொன்னாள். உடனே அவள் உச்சிமயிரைக் கொத்தாக அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள்.

மறுநாள் அவள் தலை வாரினாள், சோறு வடித்தாள். "பாத்தியா?" என்று குழந்தைவேல் மீசையை முறுக்கினார். விளார்தான் குணமாக்கியது என்று ஊரே நம்பியது. என்ன புத்தி பாருங்கள். ஆட்டத்தால் வந்த உசிரை அடிக்கு வரவு வைத்தார்கள்.

கொஞ்ச நாளில் அவள் மறுபடி முடங்கினாள். மறுபடி பம்பை, ஆட்டம், விளார், புதுசாக ஒரு செத்தவள் பேர். மூன்றாம் தடவை முடிந்த மறுநாள் காலை, கொட்டகையில் விட்டுப்போன மேளத்தை எடுக்க ஆதிமூலம் வந்தார். தையலம்மாள் ஏதோ முனகிப் பாடிக்கொண்டு வாசல் பெருக்கினாள். ரவிக்கை முதுகில் ரத்தத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

"இன்னும் எத்தினி பேரும்மா வெச்சிக்கினு கீற?" என்றார் ஆதிமூலம்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லபா. மேளம் கேட்டா நெஞ்சுல கெடக்கற கல்லு நவுருது. அதுக்கோசரம்தான் வாய்க்கு வந்த பேரச் சொல்றேன், அடி வாங்கறேன். நீ இன்னாத்துக்கு மேளத்த நிறுத்தற?"

"பூசாரி கேக்கறப்போ நிறுத்தணும். அதான் மொறை."

"நிறுத்தாதபா. அடுத்த தபா சூடு வெக்கறாங்களாம். அத்தோட நான் கெணத்துல வுழுந்துருவேன்."

ஆதிமூலம் மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆடி மாசம், உச்சிப்பொழுது. வாசலில் கூட்டம். நெருப்பில் சூட்டுக்கோல் பழுத்துக் கிடந்தது. மேளம் ஏறியது, தையலம்மாள் ஆடினாள். வீரப்பன் கையைத் தூக்கினான். மேளம் நிற்கவில்லை.

"நிறுத்துடா" என்றான். ஆதிமூலம் குனிந்த தலை நிமிராமல் அடித்தார். வீரப்பன் விளாரை எடுத்து அவர் முதுகில் வீசினான். மேளம் இன்னும் வேகமெடுத்தது. தோளில் அடித்தான், காதில் அடித்தான். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. தாளம் மட்டும் பிசகவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. வெறிகொண்ட வீரப்பன், கோழி அறுத்த கத்தியை எடுத்து மேளத்தின் தோலைக் கிழித்தான். கத்தி அதோடு நிற்காமல் ஆதிமூலத்தின் வலது கையிலும் எலும்பு வரைக்கும் இறங்கியது.

மேளம் நின்றது.

"பிடிங்கய்யா அவள" என்றான் வீரப்பன். குழந்தைவேல் அவள் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தார். வீரப்பன் சூட்டுக்கோலோடு வந்தான்.

"யாரு நீ?"

அவளுக்கு மேளம் இல்லை, தட்டக் கையும் இல்லை. காலைத் தரையில் ஓங்கி உதைத்துத் தாளம் போட்டாள். தொண்டை கிழியப் பாடினாள். பிள்ளையை நடக்கப் பழக்கும்போது அவள் கட்டிய பாட்டு.

"தத்தி வாடா மணவாளா, தாவி வாடா மணவாளா..."

பிள்ளையின் பேர் அந்த வீட்டில் அவன் போன நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் கேட்டது. குழந்தைவேலின் பிடி தளர்ந்தது. கோல் அவள் நெற்றியை நெருங்கியபோது தன் கையைக் குறுக்கே நீட்டினார். தசை பொரிகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. மறு கையால் வீரப்பன் வாயில் விட்ட குத்தில் அவன் பல் சிதறியது. அப்புறம் அந்த முரட்டு மனுஷன் சாணித்தரையில் உட்கார்ந்து பிள்ளை பேரைச் சொல்லி ஓவென்று அழுதார். தையலம்மாளும் பக்கத்தில் சரிந்து அழுதாள். பேய் புருஷனுக்குத் தாவிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வீரப்பன் ஓடினான்.

ஆதிமூலத்தை வண்டியில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் கையைத் தைத்தார்கள். ஆனால் விரல்கள் மடங்கவே இல்லை.

துக்கம் அப்படி ஒரே நாளில் போகிற சாமான் இல்லை. கரும்பு வெட்டும் காலத்தில் தையலம்மாள் மறுபடி மூலையில் முடங்கினாள். குழந்தைவேல் அவளை அடிக்கவில்லை. ஆதிமூலத்தைத் தேடிப் போனார்.

"கையப் பாத்தீங்கல்ல ஐயா. குச்சி நிக்கல" என்றார் ஆதிமூலம்.

"அப்போ எனக்குச் சொல்லிக் குடு."

நிலம் நீச்சு உள்ள குடியானவன் பம்பை தூக்குவதா என்று தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் ஆதிமூலம் வாசலுக்குப் போய் அடித்துப் பழகினார். அறைவதற்கே பழகின கை, சீக்கிரத்தில் படியவில்லை.

ஒருநாள், தோல் மாற்றிய அந்தப் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். கூட்டமும் இல்லை, நெருப்பும் இல்லை. அடித்தார். கண்றாவியான வாசிப்பு. தையலம்மாள் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"தாளம் தப்புது" என்றாள். சொல்லிவிட்டு எழுந்தாள்.