மற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போன கோச்

எங்கள் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அதன் பழைய மாணவர் சங்கம் ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் இருக்கிறது. சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. அதில் விளையாடுபவர்களில் ஒருவர்கூட அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் இங்கே பிறந்த பிள்ளைகள், அப்பா படித்த இடத்துக்காக ஓடுகிறார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது நாங்கள். எனக்குப் பிள்ளை இல்லை, மனைவி பிரிந்து போய்ப் பல வருடம். ஆனாலும் கத்துவதில் என்னை யாரும் விஞ்ச முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மைதானத்துக்கு ஏற்றிப் போனவர் அணியின் கோச். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர், இங்கே அடுத்த தெருவில் இருக்கிறார். என்னிடம் லைசென்ஸ் இல்லை. மூன்று தரம் சோதனையில் கோட்டை விட்டு, சீ போ என்று விட்டுவிட்டேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கிழமை முழுக்க உருளைக்கிழங்கோடுதான் பேச்சு. மைதானத்துக்குக் காரில் போக அரை மணி, வர அரை மணி. அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் தமிழில் வாய்விட்டுக் கதைக்கும் நேரம்.

பங்குனியில் ஒருநாள் சங்கத்தின் வைபர் குழுவில் அவர் நாலு வரி போட்டார். இந்த சீசனிலிருந்து கொலோனில் மற்றப் பள்ளிக்கூடத்தின் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாராம், எல்லோருக்கும் நன்றியாம். போட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். மற்றப் பள்ளிக்கூடம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். ஊரில் ரோட்டுக்கு அங்கால் இருந்தது, வருடா வருடம் மைதானத்தில் எங்களோடு அடிபட்டது.

குழு கொதித்தது. ஒருவர் அழுகிற முகம் பதினைந்து போட்டார். இன்னொருவர், ஆண்டு விழாவில் போர்த்திய பொன்னாடையைத் திருப்பி வாங்க வேணும் என்று எழுதினார். அடுத்தவர் விழா மலரில் வந்த அவருடைய படத்துக்கு மேல் சிவப்புப் புள்ளடிக் குறி போட்டு அனுப்பினார். ஹனோவரிலிருந்து ஒருவர், மைதானப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர், நெஞ்சில் குத்திவிட்டான் என்று குரல் செய்தி விட்டார்.

நான் ஒரேயொரு சொல் எழுதினேன். துரோகி.

எங்களுக்குள் அது வெறும் வசவு இல்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் அந்தச் சொல் ஒட்டினால் ஆளே இல்லாமல் போவான். அத்தனை பேர் எழுதியும் அதை வேறு யாரும் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதினேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்ற ஆத்திரம். பள்ளிக்கூடமாவது மண்ணாங்கட்டியாவது, இனி என்னோடு யார் கதைப்பார்கள் என்பதுதான் என் கவலை. இருபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நான் எழுதிய எதற்கும் இத்தனை விரல் கிடைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறி மைதானத்துக்குப் போனேன். விரல் காட்டியவர்கள் "வாங்கோ அண்ணை" என்றார்கள். ஆட்டம் முடிந்ததும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் தரிப்பில் மழைக்குள் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு மாலை வீட்டு மணி அடித்தது. வாசலில் கோச்.

"அண்ணை, நானாப் போகேல்லை. இளம் ஆள் ஒண்டு வேணுமெண்டு சங்கக் கமிட்டிதான் என்னை நிப்பாட்டினது. உங்களிட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.

"குழுவில கண்டபடி எழுதினவையாம்," என்றார். "ஒராள் துரோகி எண்டும் எழுதினதாம். ஆரெண்டு நான் கேக்கேல்லை. கேட்டா மனம் விட்டுப் போகும். நீங்கள் எழுதியிருக்க மாட்டியள் எண்டு தெரியும். அதுதான் உங்களிட்ட வந்தனான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொன்னால் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன். "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டேன்.

"ஓம், காணும். ஞாயிறுகளில என்னோட கொலோனுக்கு வாறியளோ?"

"வாறன்," என்றேன்.

அப்படி நானும் மற்றப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நிற்கத் தொடங்கினேன். எங்கள் குழு கொதிக்கும் என்று காத்திருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. நான் எங்கள் மைதானத்துக்குப் போகாததையே யாரும் கவனிக்கவில்லை. நான் எழுதிய சொல்லை அழிக்கப் பார்த்தேன். அழித்தால், இன்னார் ஒரு செய்தியை அழித்தார் என்று என் பெயரோடு வந்து நிற்கும். ஆகவே அப்படியே கிடக்கிறது.

இப்போது போகவர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கிறது. அவர்தான் கதைக்கிறார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். போன ஞாயிறு ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டார்.

"ஏன் அண்ணை, முந்தின மாதிரிக் கதையைக் காணேல்லை?"

"வேலை கூடிப்போச்சு. உடம்பு ஏலாமக் கிடக்கு."

"அப்ப கொஞ்சம் கண்ணை மூடுங்கோ," என்று பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

நான் கண்ணை மூடினேன். நான் சொல்வதை அப்படியே நம்பும் மனிதர் இந்த நாட்டில் எனக்கு அவர் ஒருவர்தான்.