பிள்ளையார்பாளையத்துப் படகு மோட்டார்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஆறு என்று பெயருக்கு வேகவதி இருக்கிறது. அதில் தண்ணீர் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பும். அப்படிப்பட்ட காஞ்சிபுரத்தில், அதிலும் தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் எடுபடாத பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு படகு மோட்டார் மழைக்காலம் முழுக்கக் குடியிருந்தது. கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

பழைய புடவையில் சுற்றி, குட்டியானை வண்டியில் அது வந்து இறங்கியபோது தெருவில் பாதித் தறிகள் நின்றுவிட்டன. எதிர்வீட்டுக்காரர், வேகவதியில் விடப்போகிறாயா, சர்வதீர்த்தக் குளத்திலா என்று விசாரித்தார். மாமா சளைக்கிறவர் இல்லை. உங்கள் வாசலில் தேங்குகிற தண்ணீரே போதும் என்றார். நான் அப்போது நான்காம் வகுப்பு. புடவையை விலக்கிப் பார்த்தேன். பெரிய தலை, மெலிந்த உடம்பு, ஒற்றைக் காலின் நுனியில் மூன்று இதழ் வைத்த இரும்புப் பூ. பார்த்த நிமிடமே அதன்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

மோட்டாருக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். புடவை கொடுப்பதற்காகக் கடற்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்த மாமா, அங்கே ஒரு படகுக்காரரின் மகளைப் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டார். அந்த அப்பா நிதானமான மனிதர். தறியில் நாடா எறிந்த கைக்குக் கடல் சரிப்படுமா என்று கேட்டுவிட்டு, கொட்டகையில் வருஷக் கணக்கில் கிடந்த மோட்டாரைக் காட்டி, முதலில் இதை ஓட வை, பெண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றாராம். விளையாட்டுக்குச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, மாமா அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படகுக்காரருக்கு ஆண்பிள்ளை கிடையாது. வருகிற மாப்பிள்ளைதான் படகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே மோட்டார் ஓடினால் மாமா கடலோடு போய்விடுவார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம், ஓடினால் தென்னேரி ஏரியில் ஒரு சுற்று என்பதுதான். அதனால் இரண்டு மனம் இல்லாமல் அது ஓட வேண்டும் என்று ஏங்கிய ஒரே ஆள் நான்தான். மாமாவுக்கே கொஞ்சம் தயக்கம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

அம்மாவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒருநாள் அழுதாள், அதோடு சரி. அவளுக்குப் பயம் தண்ணீர்மேல்தான். கோயில் குளத்தில்கூட முதல் படியிலேயே நின்று தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அக்கா தம்பி இருவரையும் பெற்ற தாய் சாகும்போது மாமா கைக்குழந்தை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அம்மாதான் அன்றைக்கு இடுப்பில் தூக்கினாள். இன்னும் இறக்கி வைக்கவில்லை என்று அப்பா கேலி செய்வார்.

மோட்டாருக்கு இரண்டு கார்புரேட்டர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே அனுப்புகிற சின்னப் பாத்திரங்கள். கிடந்த கிடையில் பழைய பெட்ரோல் இறுகி அரக்காகியிருந்தது. உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. மாமா சாயங்காலமானால் கைபேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துப் படம் பார்ப்பார். அதில் முகம் காட்டாத யாரோ ஒருவரின் இரண்டு கைகள் மட்டும், எந்த நாட்டுக் கைகளோ, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டும். நான் மாமாவின் தோளில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். உள்ளே அப்பாவின் தறி அடித்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் வாசனையும் கஞ்சி போட்ட பட்டின் வாசனையும் கலந்து வந்து கண்ணைச் சொக்க வைக்கும். அப்படியே தூங்கிப் போவேன். கனவில் தெருவெல்லாம் தண்ணீராக இருக்கும். வீடுகள் தறிகளோடு வரிசையாக மிதந்து போகும். எங்கள் வீடு எல்லாவற்றுக்கும் முன்னால் போகும்.

பகலில் மாமா அந்தக் கைகளைப் போலவே செய்வார். பாத்திரத்துக்குள் மிதக்கிற மிதவையை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது என் வேலை. குமிழி வராவிட்டால் அதை என் சாமர்த்தியமாக எடுத்துக்கொள்வேன். கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற பேக்கிங் கடையில் கிடைக்கவில்லை. அப்பா ஓய்ந்துபோன டிசைன் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தறியில் பூ எடுக்கிற அட்டை அது; உடம்பெல்லாம் துளை. துளை இல்லாத இடமாகப் பார்த்து மாமா கத்தரித்தார்.

ஒருநாள் சாயக்காரர் வீட்டு டிரம்மை இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கினார்கள். மாமா கயிற்றை இழுத்து இழுத்து ஓய்ந்த நேரத்தில் அது இருமியது, பிறகு உறுமியது. டிரம்மில் பழைய சாயம் ஒட்டியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. மோட்டாரின் விலாவிலிருந்து அரக்கு நிறத் தண்ணீர் பீறிட்டு, வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியைக் கல்யாணக் கூறைப்புடவையாக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றும் போனது. ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, இன்னொரு கார்புரேட்டரில் அடைப்பு இருக்கிறது, அதையும் எடுத்துவிட்டால் ஓடிவிடும் என்றார் மாமா. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் கதவருகில் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மாமா அந்தக் கார்புரேட்டரைப் பிரித்து, அடைத்திருந்த ஜெட்டை எடுத்து எவர்சில்வர் மூடியில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டார். ஜெட் என்பது கம்மல் திருகாணி அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. நடுவில் முடி நுழைகிற மாதிரி ஒரு துளை. மறுநாள் மூடியில் பெட்ரோல் இருந்தது, ஜெட் இல்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். தறிக்குழியில் இறங்கித் தூசியைச் சலித்தேன். எலி வளைக்குள் கம்பி விட்டேன். அம்மாவும் கூடவே தேடினாள். மற்ற எல்லோரையும்விட அக்கறையாகத் தேடினாள். மாமா சென்னைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். நான் உலகளந்த பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். உலகத்தையே அளந்தவருக்கு எங்கள் பின்கட்டு எம்மாத்திரம்.

பெருமாள் கைவிடவில்லை. ஒருநாள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தறிக்குத் தார் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. தார் என்றால், குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டைச் சுற்றி நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சி. அம்மாதான் ராட்டையில் சுற்றி வைப்பாள். அன்றைக்குக் கூடை காலி. அப்பா இன்னொன்று கேட்டார். தேடியபோது சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால், தறியில் ஓடிக்கொண்டிருந்த அதே நிறத்தில் ஒரு தார் இருந்தது. சாமிக்கு எதற்குத் தார் என்று எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அப்பா நாடாவைத் தள்ளினார். அது வழக்கம்போல ஓடாமல் தடுமாறிப் போனது. “இன்னா இது, இவ்ளோ கனக்குது” என்று வெளியே எடுத்தார். தாரில் ஒரு பக்கம் புடைப்பாக இருந்தது. நகத்தால் பட்டைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க உள்ளே பித்தளை மினுங்கியது.

நான் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. ஜெட்டை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையில் வைத்து மூடினார்.

“மாமாகிட்ட குடும்மா. தறிக்குழில கெடச்சுதுன்னு சொல்லு.”

தாரில்தானே கிடைத்தது என்றேன். குழியில்தான் என்றார் அப்பா. பெரியவர்களுக்குச் சில சமயம் கண் சரியாகத் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். பெருமாளே அதைத் தாருக்குள் வைத்துவிட்டார் என்பது என் முடிவு. உலகளந்தவர் செய்யக்கூடிய வேலைதான்.

மாமாவிடம் தறிக்குழி என்றே சொன்னேன். ஜெட்டின் மரையில் பட்டு இழை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. மாமா அதை மெல்ல உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே பூட்டுவார் என்று ஸ்பேனரை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து போய், அடுப்படி ஜன்னல் கட்டையில், அம்மா தீப்பெட்டி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜெட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அது அங்கேயே இருந்தது. மாமா மோட்டார் பக்கம் போகவே இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், அப்பாவின் தறிக்குப் பாவு இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தார். நான் நச்சரித்தால், “இருக்கட்டும்மா, இப்ப இன்னா அவசரம்” என்றார். அம்மா தினமும் அந்தக் கட்டையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள், வைத்தாள். ஜெட்டைத் தொடவில்லை, பார்க்காததுபோலவும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் ரசத்தில் உப்பு இல்லாமலும் சாதம் குழைந்தும் வந்த நாட்கள் அவை. அப்பா அதையே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஜெட்டை அவரிடம் நீட்டினாள்.

“ஏரி ரொம்பி வழிஞ்சிக்கினு இருக்குதாம். மாட்டிப் பாருடா.”

மாமா வாயில் பற்பசையோடு, “அக்கா” என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போனோம். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் தன் படகைக் கொடுத்தார். சுற்றி முடித்ததும் மோட்டாரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு மாமா அங்கிருந்தே குப்பத்துக்குப் போவதாக ஏற்பாடு. அவருடைய பை வண்டியில் இருந்தது. பையில் அம்மா வைத்த முறுக்கு இருந்தது. எத்தனை நாளில் வருவீர்கள் என்று கேட்டேன். சீக்கிரம் என்றார்.

முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே குரலில் பாடின. அம்மா கரையிலேயே நிற்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்து ஏறினாள். அப்பா எங்கள் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டார்.

ஏரி வானத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. மேகத்தின்மேல் போவதாகவே இருந்தது எனக்கு. தூரத்துப் பனைமரங்கள் எங்களோடு கூடவே திரும்பின. நாரைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. கனவில் பார்த்ததுதான் இது என்று தோன்றியது. ஆனால் கனவில் முகத்தில் தண்ணீர் தெறிக்கவில்லை. அம்மா ஒரு கையால் படகின் விளிம்பையும் இன்னொரு கையால் மாமாவின் சட்டையையும் பிடித்திருந்தாள். முதலில் கண்ணை மூடியிருந்தாள். பிறகு திறந்தாள். ஏரியைப் பார்க்கவில்லை. மோட்டாரைத் திருப்புகிற தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரை நெருங்கியதும் மாமா வேகத்தைக் குறைத்தார்.

“இன்னொரு சுத்து போடா” என்றாள் அம்மா.

போனோம். மறுபடி கரை வந்தது. மறுபடி அதையே சொன்னாள். குட்டியானைக்காரர் கரையில் வந்து நின்று கையை ஆட்டினார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கே பசித்தது, உட்கார்ந்த இடம் வலித்தது. கடைசியில் ஏரிக்கு நடுவில் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றது. சட்டென்று அவ்வளவு அமைதி. மாமா மூங்கில் கழியை எடுத்துத் தள்ளத் தொடங்கினார்.

“மெதுவாவே தள்ளுடா” என்றாள்.

எங்கள் அம்மாவுக்குப் படகு என்றால் உயிர் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.