பச்சை மீனுக்குச் சாட்சி

நான் குடியேறிய வெளிநாட்டுப் புறநகரான ட்ருகனினாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். உலகத்தில் எதையும் நம்புவார், நான் மீன் பிடித்தேன் என்பதைத் தவிர. போன கோடையில் மலைப்பக்கத்து ஓடையொன்றில் முதல்முறையாக மர்ரே காட் என்னும் பெரிய ஆற்றுமீன் ஒன்றைப் பிடித்து, படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டேன். கரும்பச்சை உடம்பு, மேலெல்லாம் புள்ளியும் கோடும். ஊருக்கு வந்ததும் படத்தைப் பெருமையாக அவரிடம் நீட்டினேன்.

"உது நெட்டில எடுத்த படம், தம்பி," என்றார். "மர்ரே காட் உந்த நிறத்தில இராது. நான் எத்தனை பிடிச்சிருப்பன். எல்லாம் வெளிறின மஞ்சள்."

அவர் போவதெல்லாம் வடக்கே கலங்கலாக ஓடும் பெரிய ஆற்றுக்கு. சேற்றுத் தண்ணீரில் இந்த மீன் வெளுத்திருக்கும், தெளிந்த ஓடையில் பச்சையாக இருக்கும், இரண்டும் ஒரே இனம்தான் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"நான் கடற்கரையில பிறந்தனான்," என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிறந்தநாள் விருந்தில் முன்பின் தெரியாத ஒருத்தர், "நீங்கதானே அந்த டவுன்லோடு மீன்?" என்று கேட்டார். உயிரோடு ஒரு பச்சை மீனை இந்த மனுஷன் கண்ணில் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினேன்.

அடுத்த லாங் வீக்கெண்டில் அவரையே அந்த ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். காலையெல்லாம் ஒன்றும் கடிக்கவில்லை. "தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்," என்று அவர் காரை எடுத்ததுதான் தாமதம், தூண்டில் வளைந்தது. கரையேற்றினால் சாட்சாத் அதே கரும்பச்சை. படம் எடுக்கவில்லை, எடுத்தால் மறுபடியும் நெட் என்பார். ஐஸ் பெட்டியில் ஓடைத் தண்ணீரை நிரப்பி, மீனை அதில் விட்டு, அவருக்குப் போன் போட்டேன். பச்சை, உயிரோடு இருக்கிறது, ஓடி வாங்க என்றேன். பிறகு ரோட்டோரம் போய் நின்று, கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளைவெளேரென்ற பெட்டிக்குள் மீனும் வெளுத்துப்போய்க் கிடந்தது.

"அப்பவே சொன்னனான் தானே," என்றார். "மஞ்சள்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி வெள்ளை, அதனால்தான் மீன் நிறம் மாறிவிட்டது என்று கத்தினேன். "ஓம், ஓம்," என்றார், காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல. நான் விடவில்லை. கரையோரம் கருங்கற்களுக்கு நடுவே முழங்கால்கூட நனையாத தண்ணீரில் மீனை விட்டு, வழியைக் கற்களால் மறித்து, அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வாங்கிவந்த தேநீர் ஆறிப்போகும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகு மெல்லக் கறுத்தது. கோடுகள் வந்தன. புள்ளிகள் வந்தன. கடைசியில் எங்கள் கண்ணெதிரே கரும்பச்சை மீன் ஒன்று நின்றது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி," என்றார், "இது வேற மீன்."